பொதுச் சாவி

வங்கி வேலையை விட்டுவிட்டு மென்பொருள் கற்க வந்தபோது இருதயராஜுக்குத் தலை நரைத்திருந்தது. கற்றுக்கொடுத்த தமயந்திக்கு அவருடைய மகள் வயது. லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியின் சேமிப்பு வட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டிவைக்கும் மென்பொருள் ஒன்றை அவளும் பல நாட்டு நண்பர்களும் சேர்ந்து எழுதி, இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். ஆனால் கடவுச்சொல் இல்லாவிட்டால் எழுதியவர்களாலேயே பூட்டைத் திறக்க முடியாது.

ஒருநாள் சிவகாசியிலிருந்து செண்பகவல்லி என்ற பெண், இறந்துபோன கணவர் அந்த மென்பொருளால் பூட்டிவைத்த மடிக்கணினியோடு மதுரையில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்கு வந்தாள். குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். கடவுச்சொல்லை அவர் சொல்லாமலே போய்விட்டார். இருதயராஜ் நாள் முழுக்க முயன்று தோற்றார். அவள் அதைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்ட விதம் அவருக்குச் சோறு இறங்க விடவில்லை.

மறுநாள் தமயந்தியிடம் கேட்டார்.

“டீச்சர், எல்லாப் பூட்டையும் திறக்கிற மாதிரி ஒரு பொதுச் சாவி நம்மகிட்ட இருந்தா என்ன? இப்படி அழுதுகிட்டு வர்றவங்களுக்கு மட்டும்.”

“அழுதா திறந்துடுவீங்களா, அண்ணே?”

“திறப்பேன்.”

 அடுத்து யார் வந்தாலும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தமயந்தி சொன்னாள்.

அந்த வாரமே ஒருநாள் காலையில் ஒருவன் கணினியோடு வந்தான். மனைவி இறந்துவிட்டாளாம். அவளுடைய கணினியாம். அவள் குரல் உள்ளே இருக்கிறதாம். சொல்லும்போதே அவன் அழுதான். இருதயராஜ் டீ வரவழைத்துக் கொடுத்து, அவன் சொன்ன பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. வாசல்வரை போய், தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலம் ஒரு பெண்கள் காப்பகத்திலிருந்து தமயந்திக்குப் போன் வந்தது. அடி தாங்காமல் ஓடிவந்த பெண்கள் ஒளிந்திருக்கும் வீடுகளின் முகவரிகள் இருந்த, தமயந்தியின் மென்பொருளால் பூட்டிய கணினி திருடுபோயிருந்தது. எடுத்தவன் அவர்களில் ஒருத்தியின் கணவன். காப்பகத்தார் சொன்ன அடையாளமெல்லாம் காலையில் வந்தவனுக்கு அப்படியே பொருந்தியது.

“அவன் சம்சாரம்?” என்றார் இருதயராஜ்.

“உயிரோட, பத்திரமா இருக்காங்க.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “சாவி இருந்திருந்தா நான் திறந்து கொடுத்திருப்பேன், டீச்சர்.”

“நானும்தான்.”

பிறகு அவர் மெல்லக் கேட்டார். “அப்போ செண்பகவல்லிக்கு?”

தமயந்தி மென்பொருளின் நிரலைத் திரையில் விரித்துக் காட்டினாள். ஒரே பூட்டுக்குப் பல கடவுச்சொற்கள் வைக்க அதில் முதலிலிருந்தே இடம் இருந்தது. பூட்டுகிறவர் விரும்பினால் இன்னொருவருக்கென்று ஒன்று வைக்கலாம். வைக்கிறீர்களா என்று பூட்டுகிறவரை யாரும் கேட்டதில்லை.

இருதயராஜ் உடனே வேலையில் இறங்கினார். பூட்டுவதற்கு முன் வரும் திரையில் ஒரு வரி சேர்த்தார்: ‘நீங்கள் இல்லாதபோது இதை யார் திறக்கலாம்?’ அதன் கீழே இரண்டாவது கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டம். வேண்டாதவர்கள் காலியாக விட்டுவிடலாம்.

முடித்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

“அந்தச் சிவகாசிப் பொண்ணுக்கு இது உதவாதே, டீச்சர். அவங்க வீட்டுக்காரர் போய்ட்டாரே.”

“இன்னைக்குப் பூட்டுறவர் உயிரோடதான் இருக்கார், அண்ணே. அவர்கிட்ட கேளுங்க.”