முட்கிளையில் நின்ற தேவாங்கு

உசிலையும் வெள்வேலமும் கிளையோடு கிளை கோத்து நின்ற ஒரு வறண்ட காட்டில், மெலிச்சி என்னும் தேவாங்கு தன் குட்டியுடன் வாழ்ந்து வந்தது. பகலெல்லாம் உறங்கும்; இருட்டியதும் இரை தேடும். அதற்குத் தாவத் தெரியாது. கிளையைப் பற்றிப் பற்றி மெல்ல நடக்கத்தான் தெரியும்.

ஒருநாள் அடித்த கோடைக் காற்றில், பக்கத்து வெள்வேல மரத்திலிருந்து மெலிச்சியின் உசிலை மரத்தைத் தொட்டிருந்த ஒரே கிளை முறிந்து தரையில் விழுந்தது. உசிலையில் பூச்சிகள் தீர்ந்துபோயின. மூன்று இரவுப் பட்டினியில் தாய்க்குப் பால் வற்றியது, குட்டி துவண்டது. வெள்வேலத்திலோ பூவுக்குப் பூ வண்டுகள் மொய்த்தன.

"இன்று போகாவிட்டால் நாளை நடக்கவும் வலுவிருக்காது" என்று மெலிச்சி துணிந்தது. குட்டியை ஒரு கிளைக் கவட்டையில் பற்றியிருக்க வைத்துவிட்டுத் தரையில் இறங்கியது.

முறிந்து கிடந்த முட்கிளையின் நடுவே அது நடந்துகொண்டிருந்தபோது, அருகில் சருகு நொறுங்கியது. காட்டுப்பூனை! தூக்கிய கையைத் தூக்கியபடியே மெலிச்சி நின்றுவிட்டது.

காற்று எதிர்ப்புறமாக வீசியதால் பூனைக்கு மணம் எட்டவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் முள்ளில் கால் வைக்கவும் அதற்கு மனமில்லை.

"ஏ குச்சிக்காலி! நீ தேவாங்கா, காய்ந்த கொம்பா?" என்று பூனை சீண்டியது.

மெலிச்சி மூச்சுவிடவில்லை.

"கை வலிக்கவில்லையா, மகாராணி? இறக்கிக்கொள்ளேன். நான் ஒன்றும் தவறாக நினைக்கமாட்டேன்."

எறும்பு ஒன்று மெலிச்சியின் தோளில் ஏறிக் கடித்தது. அப்போதும் அது அசையவில்லை.

பூனைக்குப் பொறுமை போயிற்று. "ஐயோ பாவம்! உன் குட்டி நழுவி விழப்போகிறது. 'அம்மா, அம்மா' என்று அது அலறுவது காதில் விழவில்லையா?"

திரும்பிப் பார்க்க மெலிச்சியின் கழுத்து துடித்தது. ஆனால், தாய் விட்டுப்போன இடத்தில் தாய் வரும்வரை வாய் திறக்காதபடி அது தன் குட்டியைப் பழக்கியிருந்தது. 'என் பிள்ளை அலறாது' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு அப்படியே நின்றது.

மேலே மரக்கிளையில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆந்தை சிரித்தது. "பூனையாரே, காய்ந்த கொம்போடு இத்தனை நேரம் என்ன கொஞ்சல்? பெண் கேட்க வந்தீரோ?"

"யார் பேசியது? நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்!" என்று சிடுசிடுத்த பூனை, வாலை விறைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டது.

காலடியோசை அடங்கிய பிறகே மெலிச்சி கையை இறக்கியது. வெள்வேலத்தில் ஏறி வயிறார உண்டது. விடிவதற்குள் திரும்பி வந்து குட்டியை மார்போடு அணைத்தது.

குட்டி முட்டி முட்டிக் குடித்தது. பால் சுரந்தது.

நீதி: தன் பலம் எதுவென்று அறிந்து அதில் உறுதியாக நிற்பவரைப் பகைவரின் பேச்சு அசைக்காது.