வாய் திறக்காத ஆவாரை

ஒரு காட்டில் என்றுதான் கதையைத் தொடங்க வேண்டும். ஆனால் குழந்தைகளே, இந்தக் காடு நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்தது. மரங்களுக்குப் பதில் நீர்ச்செடிகள், மலைக்குப் பதில் மூன்று கற்கள், காற்றுக்குப் பதில் ஒரு மூலையில் ஓயாமல் உறுமும் மோட்டார்.

அந்தக் காட்டில் ஆவாரை என்றொரு மஞ்சள் மீன் இருந்தாள். உடம்பெல்லாம் ஆவாரம்பூ நிறம். முதுகுத் துடுப்பில் மை தீட்டினாற்போல ஒரு கறுப்புக் கோடு. நல்லவள்தான், ஆனால் அப்படி ஒரு வாயாடி. காலையில் விளக்கு எரிந்ததும் பேசத் தொடங்கினால் அணையும்வரை நிறுத்த மாட்டாள். கேட்க ஆள் இல்லையென்றால் கல்லோடு பேசுவாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். சிக்லிட் என்னும் பெரிய மீன் குடும்பத்தில், ஆவாரையின் இனத்துத் தாய்கள் முட்டைகளை வாய்க்குள் வைத்துத்தான் பொரிப்பார்கள். குஞ்சுகள் நீந்தப் பழகும்வரை தாய்க்கு இரையும் கிடையாது, பேச்சும் கிடையாது. நடுவில் வாயைத் திறந்தால் பிள்ளைகள் வெளியே சிதறிவிடும். கீழே கெளுத்தி காத்துக்கொண்டிருப்பான். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவன். அவனையும் மறுநாளே வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

பட்டினியில் ஆவாரை மெலிந்தாள். மஞ்சள் மங்கியது. முதுகுக் கோடும் வெளுத்துப்போனது.

அந்தச் சமயம் பார்த்து, கடையிலிருந்து சாமந்தி என்று இன்னொரு மஞ்சள் மீன் வந்து சேர்ந்தாள். அவளும் சிக்லிட்தான், ஆனால் இனம் வேறு. அடுத்தவர் முட்டை என்றால் அவளுக்கு உயிர். நன்றாகத் தின்று கொழுத்திருந்ததால் மேனி பளபளத்தது, கோடும் கறுகறுவென்று இருந்தது. பேச்சோ தேன்.

அவள் வந்த பிறகுதான் மரகதம் என்ற வரிமீனின் மண்சட்டியில் முட்டைகள் குறையத் தொடங்கின.

"நான் இரை எடுக்கப் போன நேரத்தில் யாரோ சட்டிக்குள் புகுந்திருக்கிறார்கள். மஞ்சள் வாலை என் கண்ணால் பார்த்தேன்" என்று அழுதாள் மரகதம்.

தொட்டிக்கு நியாயம் சொல்பவர் நத்தையார். மெதுவாக ஊர்ந்து நடுக்கல்லின்மேல் ஏறி அமர்ந்தார். மீன்கள் சுற்றிக் கூடின.

"இதில் குழப்பமே இல்லை. கோடு கறுப்பாக இருந்தால் பாசி மேயும் நல்ல இனம். கோடு வெளுத்திருந்தால் முட்டை திருடும் இனம். இருவரும் திரும்பி நில்லுங்கள்" என்றார்.

இருவரும் திரும்பி நின்றார்கள். எல்லாக் கண்களும் ஆவாரையின் வெளுத்த முதுகில் விழுந்தன.

"பார்த்தீர்களா, நான் அப்போதே நினைத்தேன். இந்தத் தொட்டியில் பாசியைத் தவிர நான் எதையாவது தொட்டதுண்டா?" என்றாள் சாமந்தி.

"ஆவாரை, நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று கேட்டார் நத்தையார்.

ஆவாரை தலையை மட்டும் ஆட்டினாள்.

"நாள் முழுக்கப் பேசுவாயே. இப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லாவிட்டால் மோட்டார் மூலைக்குப் போக வேண்டியதுதான்."

மோட்டார் மூலையில் தண்ணீர் ஆளைத் தூக்கி எறியும். அந்த வேகத்தில் வாய் தானாகத் திறந்துவிடும். கெளுத்தியின் வீடும் அங்கேதான். 'நான் இல்லை' என்று இரண்டே சொல் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குள் பிள்ளைகள் போய்விடுவார்களே. ஆவாரை வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் தண்ணீரின்மேல் இரை விழுந்தது.

நியாயமாவது ஒன்றாவது! எல்லா மீன்களும் மேலே பாய்ந்தன. முதலில் போனவள் மரகதம். அந்தக் களேபரத்தில் நத்தையார் பயந்து ஓட்டுக்குள் ஒடுங்கினார். சாமந்தி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, நைசாக மண்சட்டிக்குள் நுழைந்தாள்.

ஆவாரை அதைப் பார்த்துவிட்டாள். 'திருடி, திருடி' என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாழ்நாளெல்லாம் வீணாகப் பேசியவளுக்கு, பேசியே ஆக வேண்டிய நேரத்தில் வாய் இல்லை. அவள் ஓடிப்போய்ச் சட்டியின் வாசலில் குறுக்கே நின்றாள்.

இரை தீர்ந்து எல்லோரும் திரும்பினார்கள். சட்டிக்குள் ஒரு மஞ்சள் மீன், வாசலில் ஒரு மஞ்சள் மீன். இரண்டுக்கும் கன்னம் உப்பியிருந்தது. இரண்டும் பேசவில்லை.

"ஐயோ, என் முட்டை" என்றாள் மரகதம்.

"எவள் திருடி?" என்று மீன்கள் கூச்சலிட்டன.

நத்தையார் ஓட்டிலிருந்து தலையை நீட்டினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் புரியவில்லை.

"சரி, காத்திருப்போம். எனக்கு ஒன்றும் அவசரமில்லை" என்றார்.

காத்திருந்தார்கள். ஆவாரை அசையவில்லை. சாமந்தியோ நெளிந்தாள். வாய் நிறைய ருசியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது? மடக்கென்று விழுங்கிவிட்டு வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

"நன்றாகப் பாருங்கள். என் வாயில் ஒன்றுமே இல்லை."

"அதைத்தான் நானும் கேட்கிறேன். சற்றுமுன் இருந்தது எங்கே?" என்றார் நத்தையார்.

சாமந்தி பின்வாங்கிப் போய்ச் சட்டிச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

நத்தையார் ஊர்ந்து ஆவாரையின் அருகில் வந்தார். அவள் உதட்டை ஒரு நூல் அளவு விலக்கினாள். உள்ளேயிருந்து குட்டிக் குட்டிக் கண்கள் அவரை எட்டிப் பார்த்தன.

"மூடு, மூடு" என்றார் அவர் அவசரமாக. பிறகு தலையைத் தாழ்த்தினார். "கோட்டை மட்டும் பார்த்துவிட்டேன் தாயே. பட்டினி கிடந்தால் யாருக்குத்தான் நிறம் வெளுக்காது? நீ வாய் திறக்கும் நாளில் எவ்வளவு பேசினாலும் உட்கார்ந்து கேட்கிறேன்."

சாமந்தி மோட்டார் மூலைக்குத் துரத்தப்பட்டாள். மரகதம் அன்று முதல் சட்டியை விட்டு நகரவில்லை. மிச்சமிருந்த முட்டைகள் பொரித்தன.

மூன்றாம் நாள் ஆவாரை வாயைத் திறந்தாள். பதினான்கு குஞ்சுகள் துள்ளி வந்தன. அடுத்த நொடியே பேச்சும் வந்தது. சேர்த்துவைத்த மூன்று வாரப் பேச்சு.

மதியத்துக்குள் நத்தையார் ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆவாரை வெளியே நின்றபடியே மீதியைச் சொல்லி முடித்தாள்.

நீதி: நிறத்தைப் பார்த்து ஒருவரை இன்னார் என்று முடிவு கட்டாதே, அவர் நடத்தையைப் பொறுத்திருந்து பார்.