பூஜ்யம் வாங்கிய தொட்டில்

ஒரு பனியன் கம்பெனி இருந்தது. ஊருக்கு வெளியே, சோளக்காட்டுக்கு நடுவே, சுற்றிலும் மதில் வைத்த பெரிய கம்பெனி. வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களுக்கென்று கம்பெனி நாலு வசதி செய்து வைத்திருந்தது. கூட்டி வர ஒரு பஸ். பசியாற ஒரு கேன்டீன், அதில் ஒரு பெரிய இட்லிக் கொப்பரை. விரலில் ஊசி ஏறினால் மருந்து போட ஒரு முதலுதவிப் பெட்டி. கைக்குழந்தைகளை விட்டு வைக்க ஓர் அறை, அதில் ஒரு மரத் தொட்டில்.

மனுசர் காதில் விழாமல் இந்த நாலும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.

ஒரு வியாழக்கிழமை, தலைமை ஆபீசிலிருந்து ஜெயபாலன் என்று ஓர் அதிகாரி வந்தார். கம்பெனி செய்திருக்கிற வசதிகள் ஆட்களுக்கு உபயோகப்படுகின்றனவா என்று பார்த்து மார்க் போடுவது அவர் வேலை. கையில் ஓர் அட்டை, அட்டையில் செருகிய ஒரு தாள். உண்மையைச் சொன்னால் கேள்வி கேட்டது தாள்தான். அவர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான்.

தாள் முதலில் பஸ்ஸிடம் போயிற்று.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர்?"

"உட்கார ஐம்பத்திரண்டு, நிற்க முப்பது. மயிலாத்தாள்னு ஒரு அம்மா வருது. அது வாய்க்கு ஒரு சீட் போட்டா இன்னும் ஒண்ணு சேர்த்துக்கலாம்" என்றது பஸ்.

"நேரம்?"

"எட்டரைக்கு கேட்டுக்குள்ள நிப்பேன். ஒரு நாள் பிந்தினதில்லை."

தாள் பத்துக்குப் பத்து போட்டது. கொப்பரைக்கு எட்டு. "சாம்பார் தண்ணியா இருக்குதாம், ரெண்டு குறைச்சிருக்கேன்" என்றது.

"சாம்பாருக்கு நான் என்ன பண்ணுவேன்? அது அண்டாவோட வேலை!" என்று கொப்பரை கத்தியது. தாள் காதில் வாங்கவில்லை.

முதலுதவிப் பெட்டிக்கு ஏழு. கடைசியாகத் தொட்டில்.

"எத்தனை பேர்?"

"இப்போ யாரும் இல்லை" என்றது தொட்டில். "முன்னே ஏழெட்டுக் குழந்தைகள் வந்துட்டிருந்தது. ஆறு வருசமா ஒண்ணும் வரலை. ஏன்னு கேட்டுச் சொல்லேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன் என்பதற்கு என்னிடம் கட்டம் கிடையாது" என்று சொல்லிப் பூஜ்யம் போட்டது தாள்.

மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. முதல் மார்க் வாங்கிய பஸ்ஸுக்குச் செவ்வந்தி மாலை. பூஜ்யம் வாங்கிய அறையைக் காலி செய்து அட்டைப்பெட்டி அடுக்க வேண்டும். பிள்ளை பார்த்த ஆயாவை எப்போதோ துணியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போட்டுவிட்டார்கள், அதனால் கேட்க ஆள் இல்லை. சனிக்கிழமை காலையில் தொட்டிலைத் தூக்கி, சைக்கிள் நிறுத்துகிற செட்டில் வைத்தார்கள். பக்கத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது, மாலையோடு.

"நான் ஆட்டினது பிடிக்கலையோ என்னமோ. தாய்மாருக எல்லாம் சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டாங்க" என்றது தொட்டில்.

"மனசை விடாதே. எல்லாருக்கும் ராசி ஒண்ணு போல இருக்குமா?" என்றது பஸ். மாலை போட்டவர்களுக்கு ஆறுதல் சொல்லச் சுலபமாக வரும்.

அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில், தவமணி என்ற பெண் சோற்றைப் பிசைந்தபடி மயிலாத்தாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். கொப்பரைக்குக் காது கூர்மை.

"திங்கக்கெழமையிலிருந்து நான் வரலீங்க்கா. எங்க மாமியா வழுக்கி உழுந்து இடுப்பெலும்பு போச்சு, மக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாப்பாவுக்கு அஞ்சு மாசம். இன்னைக்கு ஒரு நாள் பக்கத்து வூட்டுல உட்டுட்டு வந்தேன், தெனமும் யாருகிட்ட உட்டுட்டு வருவேன்?"

"இங்கதான் தொட்டிலு கெடந்துதே, கூட்டிட்டு வாயேன் புள்ள."

"எதுலீங்க்கா கூட்டிட்டு வாரது? பதினெட்டு கிலோமீட்டரு. காத்தால டவுன் பஸ் கெடையாது. நம்ம பஸ்ஸு கதவுல என்ன எழுதியிருக்குதுன்னு பாத்ததில்லையா நீங்க?"

மயிலாத்தாள் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் நிறுத்தினாள். அவளுக்கே பேச்சு நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொப்பரை முதலுதவிப் பெட்டியிடம் சொல்லிற்று. பெட்டி ஜன்னல் வழியாகச் சைக்கிள் செட்டுக்குச் சொல்லிற்று.

"ஏன் அண்ணே, உன் கதவுல என்ன எழுதியிருக்கு?" என்று தொட்டில் கேட்டது.

"எனக்கெப்படித் தெரியும்? நான் முன்னாடி பார்த்து ஓடுறவன். என் கதவை நான் பார்த்ததே இல்லை. நீதான் சொல்லேன், உன் பக்கம்தானே இருக்கு."

தொட்டில் பார்த்தது. கதவில் ஒரு சின்னத் தகரப் பலகை. 'கைக்குழந்தையுடன் ஏறக் கூடாது.'

பஸ்ஸுக்கு ஞாபகம் வந்தது. ஆறு வருசத்துக்கு முன்னால், எருமை ஒன்று குறுக்கே வந்து பிரேக் போட்டதில் ஒரு குழந்தைக்கு நெற்றியில் அடிபட்டது. அப்போதிருந்த மேனேஜர் அன்றைக்கே ஏதோ பலகை அடிக்கச் சொன்னார். ஆணி இறங்கியதுதான் பஸ்ஸுக்குத் தெரியும். எழுத்து தெரியாது.

"அப்போ என்னாலேதான் உனக்குப் பூஜ்யமா?"

"அப்படித்தான் ஆகுது."

"நான் வேணும்னு பண்ணலையே."

"நீ பண்ணினேன்னு யார் சொன்னா? அந்தப் புள்ளைக்கு வேலை போகுது. அதுக்கு என்ன செய்யலாம்னு சொல்லு."

பஸ் மெல்லக் கேட்டது: "குழந்தைக்காரி ஏறினா நின்னு ஏத்தணும், மெதுவா ஓட்டணும். பத்து நிமிசம் பிந்தும். மார்க் போயிடுமே?"

"போகும்" என்றது தொட்டில்.

"மாலையைக் கழட்டிருவாங்களே?"

"கழட்டுவாங்க. ஏன் அண்ணே, செவ்வந்தி இப்பவே வாடிப்போச்சு. உனக்குத் தெரியலையா?"

பெட்டிக்குச் சிரிப்பு வந்து, உள்ளே இருந்த அயோடின் புட்டி ஆடியது.

திங்கட்கிழமை காலை, தவமணி ஊர் நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. தவமணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழேயே நின்றாள். ஏறுவதற்கு வரவில்லை. கழுத்தில் தொங்கவிடும் கம்பெனி கார்டை டிரைவர் சென்னியப்பனிடம் நீட்டினாள்.

"டிரைவரண்ணா, இதைக் கொஞ்சம் ஆபீசுல குடுத்துருங்ணா. தவமணி இனி வராதுன்னு சொல்லீருங்."

"கொளந்தையைப் பாக்க ஒரு ஆளும் கெடைக்கலையா கண்ணு?"

"இல்லீங்ணா."

சென்னியப்பன் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். அவருக்கும் சங்கடம்தான். ஆனால் பலகை இருக்கிறதே. கியரைப் போட்டார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினார். உறுமியது. கியரைப் போட்டார். நின்றது. மறுபடியும் அப்படியே.

"என்னங்ணா, வண்டிக்கு டீசல் போட்டீங்களா, மோர் ஊத்திட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நேரமாச்சுங்ணா! மிஷினு விரலை எடுக்காது, அரை நாள் சம்பளம் போயிரும்!"

எட்டு நிமிசம் ஆயிற்று. மயிலாத்தாள் எழுந்து வந்து படியில் நின்றாள். பஸ்ஸைப் பார்த்தாள், தவமணியைப் பார்த்தாள்.

"ஏ தவமணி, ஏறு."

"அக்கா, பலகை..."

"பலகையா வண்டி ஓட்டுது? ஏறுடி. எம்பது பேர்த்துல பிள்ளை பெக்காதவ யாரு இருக்கா, எந்திரிச்சுச் சொல்லட்டும்!"

யாரும் எழவில்லை. ஒருத்தி மட்டும் எழுந்தாள், அதுவும் இடம் கொடுக்க. சென்னியப்பன் கண்ணாடி வழியாகப் பார்த்தார், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "ஏறிக்க கண்ணு. ஆபீசுல கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார்.

தவமணி ஏறினாள். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. பள்ளம் மேடு பார்த்து, நிறைசூலியைப் போல நடந்தது. கம்பெனி வாசலில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தபோது, மயிலாத்தாள் படியில் இறங்கி நின்று பலகையை முதுகால் மறைத்துக்கொண்டாள்.

எட்டு நாற்பத்திரண்டு. வருகை பதிய விரல் வைக்கும் மிஷின் எட்டு நாற்பத்தைந்துக்கு அடைத்துவிடும். எல்லாரும் ஓடினார்கள். தவமணி மட்டும் குறுக்கே திரும்பிப் பிள்ளை அறைப் பக்கம் ஓடினாள். தொட்டிலை வெளியே போட்டது அவளுக்குத் தெரியாது.

உத்தரவுப்படி நடக்கிறதா என்று பார்க்க வந்த ஜெயபாலன் அறை வாசலில் நின்று, ஆட்கள் அட்டைப்பெட்டி அடுக்குவதைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். அந்த வாசலில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நின்றால், அவள் கணக்கில் பிள்ளை பார்க்கிறவர் இல்லாமல் வேறு யார்?

"சார், இவளைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க. பால் குடிச்சுட்டா, அழுக மாட்டா. விரல் வெச்சுட்டு ஓடியாந்தர்றேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை அவர் கைக்கு வந்துவிட்டது. தவமணி போய்விட்டாள்.

"சார், என்னை விட்டுடாதீங்க. இன்னும் கையெழுத்துப் போடலை" என்றது தாள்.

பிள்ளை நெளிந்தது. ஒரு கையில் நிற்கிற பாரம் இல்லை அது. ஜெயபாலன் தாளை அட்டையோடு ஒரு பெட்டி மேல் வைத்தார். இரண்டு கையாலும் பிள்ளையைத் தாங்கிக்கொண்டார். பிள்ளை அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தது.

அவர் அறைக்குள் பார்த்தார். கூரை வரைக்கும் பெட்டி. ஒரு துண்டு விரிக்கக்கூடத் தரை இல்லை.

"ஏப்பா," என்று ஆட்களைக் கூப்பிட்டார், "இதை எங்கேப்பா படுக்க வைக்கிறது?"

சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒருவன் சைக்கிள் செட்டைப் பார்த்து நடந்தான். இன்னொருவன் மேலே அடுக்கிய பெட்டியைக் கீழே இறக்க ஆரம்பித்தான்.

அந்தக் கம்பெனிக்குள் வந்த நாளிலிருந்து, பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்று அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.