கொண்டுவராத நூல்

"அம்மா, என் தங்கச்சியே என் பேச்சை நம்ப மாட்டேங்கிறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

மலைமேல் இருக்கும் மடத்துக்கு மூச்சிரைக்க ஏறி வந்த இருளப்பன், உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். நரைத்த தாடி, தோளில் ஒரு துணி முடிச்சு, கையில் ஒரு சிறிய கோல். கணக்கு சொல்லித்தரும் குரு நல்லம்மை அவரைவிட இளையவள். சீடன்தான் என்றாலும் அவரை அண்ணே என்றே கூப்பிடுவாள்.

"எதை நம்ப மாட்டேங்கிறா, அண்ணே?"

"எங்க ஊருக்கு மேல நிக்கிற பாறை விழாதுங்கிறதை."

அந்தப் பாறை ஒவ்வொரு மழைக்காலத்திலும் சரிவை நோக்கிக் கொஞ்சம் நகரும். அதற்கு நேர்கீழே தங்கை பேச்சியின் வீடு. மழை முடிந்ததும் இருளப்பன் மேலே ஏறிப் போய், பாறை நகர்ந்த அளவுக்கு ஒரு நூலை வெட்டி வைப்பார்.

முடிச்சை அவிழ்த்தார். முதல் வருஷத்து நூல் ஒரு சாண். அடுத்தது அதில் பாதி. மூன்றாவது, சாணில் மூன்றில் ஒரு பங்கு. நான்காவது, கால் சாண். இப்படியே பதினோரு நூல், ஒன்றைவிட ஒன்று குட்டை.

"பாருங்க, குறைஞ்சுக்கிட்டே வருது. அவளோ மூட்டை கட்டி, பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. நான்தான் மூட்டையைப் பிரிச்சுப் போட்டு, செத்துப்போன எங்க அம்மா பேர்ல சத்தியம் வாங்கி உக்கார வெச்சிருக்கேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் வாசலைத் தாண்ட மாட்டா."

சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு.

"குறைஞ்சா விழாதுன்னு யார் சொன்னது?"

"நீங்கதான். ஒரு நூலைப் பாதியா வெட்டி, மிச்சத்தையும் பாதியா வெட்டி, வெட்டிக்கிட்டே போனீங்களே. எத்தனை துண்டு சேர்த்தாலும் பழைய நூலைத் தாண்டாதுன்னு காட்டினீங்களே."

"பாதி பாதியா குறைஞ்சா தாண்டாது. மறுநாள் பாடத்துக்கு நீங்க எங்கே போனீங்க?"

எங்கே போவார்! அன்று இருளப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரைக் காப்பாற்றும் கணக்கு கைக்கு வந்துவிட்டதென்று, விடிந்ததும் விடியாததுமாக மலையிறங்கி ஓடிவிட்டார்.

நல்லம்மை இரண்டாவது நூலைத் தரையில் நீட்டினாள். அதன் பக்கத்தில் மூன்றாவதையும் நான்காவதையும் முனையோடு முனை சேர்த்து வைத்தாள்.

"எது நீளம்?"

"ரெண்டும் சேர்ந்ததுதான்."

அடுத்த நான்கு நூல்களைச் சேர்த்து வைத்தாள். அதுவும் இரண்டாவது நூலைத் தாண்டியது.

"அடுத்த எட்டு?"

"மூணுதானே இருக்கு, அம்மா."

"எட்டும் வரட்டும்."

இருளப்பன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். அந்த எட்டில் ஆகக் குட்டையானதுகூட சாணில் பதினாறில் ஒரு பங்கு இருக்கும். எட்டும் சேர்ந்தால் அரைச் சாணுக்குக் குறையாது.

"தாண்டும்."

"அதுக்கு அடுத்த பதினாறு?"

இருளப்பனே கணக்கைத் தொடர்ந்தார். தாண்டும். அதற்கடுத்த முப்பத்திரண்டும் தாண்டும். அரை அரைச் சாணாக ஏறிக்கொண்டே போகும், ஓர் இடத்திலும் நிற்காது.

"ஆனா அதுக்கெல்லாம் தலைமுறை ஆகுமே, அம்மா," என்றார் விடாமல்.

"கையில என்ன கோல்?"

"முதல் முதல்ல பாறைக்கும் சரிவோட விளிம்புக்கும் இருந்த தூரம். அப்பவே அளந்து வெட்டினேன். அவ்வளவு நகர்ந்தா பாறை கீழேதான்."

நல்லம்மை கோலை வாங்கிக் கீழே வைத்தாள். அதன் ஓரமாக ஒவ்வொரு நூலாக முனையோடு முனை சேர்த்து வைத்துக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷமும் இருளப்பன் ஒரு நூலை அதற்கு முந்தின நூலோடு ஒப்பிட்டிருக்கிறாரே தவிர, ஒருநாளும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

பதினோரு நூலும் முடிந்தன. கோலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

இருளப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இடம் இருக்கு, அம்மா! இன்னும் இடம் இருக்கு."

"இந்த வருஷத்து நூல் எங்கே?"

"மழை இன்னும் ஓயலை. ஓய்ஞ்சாலும் ஒரு விரல்கடைதான் இருக்கும். அதைப் போய் வெட்டுவானேன்னு விட்டுட்டேன்."

"விரலை வைங்க, அண்ணே."

நூல் முடிந்த இடத்தில் விரலை வைத்தார்.

கோல் முடிந்துவிட்டது.

அவரால் விரலை எடுக்க முடியவில்லை.

"நான் போற வரைக்கும் பேச்சி வாசலைத் தாண்ட மாட்டாளே, அம்மா."