கண்மாயை வெட்டச் சொன்னவர்

கீழப்பூங்குளத்து மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்தாறு. குரு துறவுக்கு முன் லாரி ஓட்டியவர். சீடர் நீதிபதியாக இருந்தவர். இந்த வேடிக்கையை ஊர் பேசிப் பேசிச் சலித்து வெகுநாள் ஆகிவிட்டது.

சீடர் பெயர் வைத்திலிங்கம். முப்பது வருடம் உரிமையியல் நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர். அடித்தான், அடைத்து வைத்தான், அத்துமீறி நுழைந்தான் என்று வந்தவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துத்தான் மடத்துக்கு வந்தார். வந்த இடத்திலும் வழக்கு அவரை விடவில்லை.

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பித் தளும்பியது. கிழக்குக் கரை கசிய ஆரம்பித்தது. கரைக்குக் கீழே நூற்று நாற்பது வீடுகள். டவுனுக்குப் போகும் ரோடு முங்கிவிட்டதால் அதிகாரிகள் யாரும் வர வழியில்லை. ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வைத்திலிங்கத்தைச் சுற்றி நின்றார்கள்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. எங்க வெட்டுறது?"

மேற்கே பாறை. வடக்கே மேடு. தெற்கே வெட்டினால் தண்ணீர் போகும், ஆனால் அங்கே மாயழகுவின் கொடிக்கால் இருந்தது. ஆறு வருட வெற்றிலைக் கொடி, ஒரு ஏக்கர். வெற்றிலைக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் இரண்டு நாள் தேங்கினால் வேர் அழுகிவிடும். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"தெற்கே வெட்டுங்க" என்றார் வைத்திலிங்கம்.

மாயழகு ஓடிவந்து, வெட்ட வேண்டிய இடத்தில் கரைமேல் குப்புறப் படுத்துக்கொண்டார். பேசிப் பார்த்தார்கள். அவர் எழவில்லை. கிழக்கே கசிவு பெருகிக்கொண்டிருந்தது.

"தூக்குங்க. மடத்துச் சாமான் அறையில போட்டுப் பூட்டுங்க. தண்ணி வடியறவரைக்கும் விடாதீங்க."

கொஞ்ச நேரத்தில் ஒருவன் கரைக்கு ஓடிவந்தான். "ஐயா, ஒரு தடவை கொடிக்காலைப் பாத்துட்டு வந்துடுறேன்னு கேக்குறாரு. விடலாமா?"

"வேண்டாம்" என்றார் வைத்திலிங்கம். விட்டால் மறுபடி வந்து படுத்துக்கொள்வார் என்று பயம். நியாயமான பயம்தான்.

கிழக்குக் கரை நின்றது. கண்மாய் மட்டம் இறங்கியதும் மாயழகுவைத் திறந்துவிட்டார்கள். ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. ஊர்கூடி அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. கொடிக்காலில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. ஆறாம் நாள் மாயழகு அங்கே போய் உட்கார்ந்தவர்தான். அவர் மனைவி பஞ்சவர்ணம் தினமும் கஞ்சி கொண்டுபோகிறாள், பாதி தூக்குவாளியோடு திரும்புகிறாள். யாரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வைத்திலிங்கத்துக்குத் தூக்கம் போய்விட்டது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். ஒரு காலையில் குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தார்.

"சாமி, நான் செஞ்சது தப்பா?"

"என்னைக் கேட்டா? நான் எட்டாங்கிளாஸ். ஜட்ஜு நீங்கதான். வழக்கை நடத்துங்க, கேட்டுக்கிறேன்."

கேலி செய்கிறாரோ என்று வைத்திலிங்கம் முகத்தைப் பார்த்தார். குரு கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. மாயழகு வாதி. நான் பிரதிவாதி. குறை மூணு. அவர் நிலத்துல தண்ணியை விட்டது. அவர்மேல கைவெச்சுத் தூக்கச் சொன்னது. பூட்டி வெச்சது."

"தெரியாம நடந்ததா?"

"இல்ல. மூணும் தெரிஞ்சேதான் செஞ்சேன். நாசமாகும்னு தெரிஞ்சுதான் வெட்டச் சொன்னேன்."

"அவர் சம்மதிச்சாரா?"

"இல்ல."

"உங்களை அடிக்க வந்தாரா?"

"இல்ல சாமி. படுத்துத்தான் கிடந்தார்."

"அப்போ தற்காப்புன்னும் சொல்ல முடியாது."

"முடியாது. எனக்கு இருக்கிறது ஒரே பதில். அவசியம். நூத்தி நாப்பது வீட்டைக் காப்பாத்த வேற வழி இல்ல. தேவைக்கு மேல ஒரு அடிகூட வெட்டல. தேவைக்கு மேல ஒரு நிமிஷம்கூடப் பூட்டி வைக்கல. அந்தப் பதில் போதும்."

"தீர்ப்பு?"

வைத்திலிங்கத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. பழைய குரல் வந்தது.

"வழக்கு தள்ளுபடி."

"நல்ல தீர்ப்பு" என்றார் குரு. "நான் உக்காந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

வைத்திலிங்கத்துக்கு மூச்சு இலேசாக வந்தது. மூன்று வாரமாக அவர் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். ஆனால் எழுந்துபோக மனம் வரவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அது அவருக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

"ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்னு கேட்டாரே" என்றார் குரு. "அது?"

"அதுவும் சரிதான் சாமி. விட்டிருந்தா..."

"சரிதான். நானும் அதனாலதான் திறக்கல."

"நீங்களா?"

"சாவி என்கிட்டதானே இருந்தது. கதவுக்கு வெளியே நின்னது நான்தான். கதவைத் தட்டக்கூட இல்ல அவர். ஜன்னல் பக்கம் வந்து நின்னு மெதுவாத்தான் கேட்டார். ஏழெட்டுத் தடவை கேட்டார். அப்புறம் விட்டுட்டார்."

வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வேண்டுகோள் அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் வேறொருவன் வாயால்.

"அவரைப் போய்ப் பாத்தீங்களா சாமி?"

"தினமும் மத்தியானம் போறேன்."

"திட்டினாரா?"

"மொத நாள் சேத்தை அள்ளி மூஞ்சியில எறிஞ்சார். துடைச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அழுகின கொடியை, அது படர்ந்திருந்த அகத்தி மரத்திலேருந்து பிரிச்சுப் போட ஆரம்பிச்சேன். தடுக்கல. ரெண்டு நாள் கழிச்சு, நான் சரியாப் பிரிக்கலைன்னு கையிலேருந்து பிடுங்கி அவரே பிரிச்சார். பேச்சு கிடையாது."

"இன்னும் பேசலையா?"

"நேத்துதான் வாயைத் திறந்தார். ஒரே ஒரு கேள்வி."

"என்ன கேட்டார்?"

"வெட்டச் சொன்னவரு நல்லாருக்காரான்னு."

அந்தக் கேள்வி கோபத்தில் கேட்டதா, அக்கறையில் கேட்டதா என்று குருவிடம் கேட்க வைத்திலிங்கத்துக்கு வாய் வரை வந்தது. கேட்கப் பயமாக இருந்தது. முப்பது வருடத்தில் எந்தச் சாட்சியின் சொல்லும் அவரை இப்படிக் கலக்கியதில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லாருக்காருன்னேன்."

சமையல்கட்டில் உலை கொதித்துத் தட்டு குதிக்கும் சத்தம் கேட்டது. குரு ஆய்ந்த கீரையை முறத்தில் பரப்பினார்.

"நான் போய் நின்னா, தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா சாமி?"

"ஊர் அப்படிப் பேசலாம்."

"நாளைக்கு அவர் கோர்ட்டுக்குப் போனா, அதையே எனக்கு எதிரா வைப்பாங்க."

"வைக்கலாம்."

"அவர் முன்னாடி நின்னு என்ன சொல்றது? மன்னிச்சுக்கங்கன்னு சொன்னா பொய். மறுபடி அதே மழை வந்தா, மறுபடி அங்கேயேதான் வெட்டச் சொல்வேன்."

"பொய் சொல்ல வேண்டாம்."

வைத்திலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குரல் உடைந்து, ஏறக்குறையச் சண்டைக்கு வருகிறவராகக் கேட்டார்:

"தப்பே செய்யாதவன் எதுக்கு சாமி போகணும்?"

குரு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தப்பு செஞ்சவருக்குச் சம்மன் வரும் ஐயா. தப்பு செய்யாதவர்தான் தானாப் போகணும்."