சேற்றுநாகத்துக்கு எத்தனை உயிர்?

குருவுக்கு இருபத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. இப்படியும் நடக்கும்.

குரு கோகிலவாணி. கோயம்புத்தூரில், மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றின் மாடியில், ஞாயிறு பிற்பகல்களில் மேசை போட்டு ஆட்டம் நடத்துபவர். ஒரு கற்பனை நாடு, அதில் வீரர்கள், மந்திரக்காரர்கள், பூதங்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிப் பிழைப்பார்கள், அல்லது சாவார்கள். வேலைவெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சீடர் பொன்னுரங்கம், பம்பு தொழிற்சாலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வருடம் குருவின் பக்கத்திலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நாளை முதன்முறையாக அவரே ஆட்டத்தை நடத்த வேண்டும். குருவும் மற்றவர்களோடு உட்கார்ந்து ஆடுவார்.

சனிக்கிழமை காலை பொன்னுரங்கம் ஆட்டத்தின் இரண்டு விதிப் புத்தகங்களோடு மாடியேறி வந்தார்.

"டீச்சர், ஒரே சேத்துநாகம். பழைய புத்தகத்துல எம்பத்திநாலு உசுருங்குது. புதுசுல நூத்திமுப்பத்தாறுங்குது. எதுங்க சரி?"

உயிர் என்றால் அடி தாங்கும் அளவு. அத்தனை புள்ளி அடி விழுந்தால்தான் நாளைய ஆட்டத்தில் வரும் அந்தப் பாம்பு சாகும்.

"உங்களுக்கு எது வேணும் சார்?"

"எனக்கென்னங்க வேணும்? சரியானது வேணும். கம்பெனியில ஒரு பாகத்துக்கு ரெண்டு அளவுல ரெண்டு டிராயிங் வந்துச்சுன்னா நான் கையே வெக்க மாட்டேன்."

"ஒரு தடவகூடவா?"

ஒரு தடவை உண்டு. அளவு தப்பிய நாற்பது பம்பு ஷாஃப்டுகளை அவர் ஒதுக்கி வைத்திருந்தார். முதலாளியே நேரில் வந்து, தோளில் கை போட்டு, "பழைய டிராயிங்ல இது பாஸ்தானப்பா?" என்றார். பொன்னுரங்கம் கையெழுத்துப் போட்டுவிட்டார். சரக்கு போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடமாகிறது. இன்றைக்கு நினைத்தாலும் அவருக்குத் தன்மேல் பற்றிக்கொண்டு வரும்.

கோகிலவாணி இரண்டு புத்தகங்களையும் வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

"ஒரு எண் எழுதுங்க. மடிச்சுச் சட்டப் பையில வெச்சுக்குங்க. எனக்குக் காட்ட வேண்டாம்."

"தப்பா எழுதீட்டா?"

"பேனாவுல எழுதுங்க."

பொன்னுரங்கம் வெகுநேரம் யோசித்தார். அந்தக் கற்பனை நாட்டில் ஆற்றோரம் ஒரு கிராமம். நாகத்துக்குப் பயந்து மூன்று வருடமாக அங்கே ஒருவரும் மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிப் போனதில்லை. நாலு குத்தில் சாகிற பாம்புக்கா அவ்வளவு பேரும் பயந்தார்கள்? இல்லாத ஊர்தான், இல்லாத ஜனம்தான். இருந்தாலும் அவர்களைக் கோழைகளாக்க அவருக்கு மனம் வரவில்லை.

நூற்றுமுப்பத்தாறு என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் போனது, சதுப்புநிலம் வரும்வரை. அங்கே நாகம் எழுந்தது. ஆடியவர்களில் இரண்டு பேரின் பாத்திரங்கள் விழுந்துவிட்டன. மூன்றாவது ஆள் ஃபாரூக், கையில் வில் இருந்தும் அம்பு தீர்ந்து நின்றான். மிச்சம் இருந்தது குருவின் பாத்திரம், ஈட்டிக்காரி செங்கோடி. ஏழு வருடமாகக் கோகிலவாணி அவளாக ஆடிவருகிறார். அவள் விவரம் எழுதிய தாள் மடிப்பெல்லாம் கிழிந்து, செலோடேப்பில் உயிர் வாழ்ந்தது. செங்கோடிக்கு மீதி மூன்றே உயிர்.

ஈட்டி பாய்ந்தது. ஃபாரூக் துள்ளி எழுந்தான். பழைய புத்தகம் அவனுக்கு மனப்பாடம்.

"மொத்தம் தொண்ணூத்தியொண்ணு அடி! அதுக்கு எம்பத்திநாலுதான். செத்துருச்சு!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

"சாகலீங்க" என்றார் பொன்னுரங்கம்.

கைதட்டல் நின்றது.

"என்ன சார் விளையாடறீங்க? பழைய புத்தகத்துல இது செத்த பாம்புதான சார்?" என்றான் ஃபாரூக்.

பொன்னுரங்கத்துக்குத் தோளில் யாரோ கை போட்டது போலிருந்தது.

கோகிலவாணி அந்தக் கிழிந்த தாளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏழு வருசமுங்க சார்" என்றார், மெதுவாக. அதில் சோதனை ஏதும் இல்லை. உண்மையாகவே செங்கோடிக்காகக் கேட்டார்.

அதுதான் பொன்னுரங்கத்தை ஆட்டிவிட்டது. முதலாளி கேட்டபோது முதலாளியை வெறுக்கவாவது முடிந்தது. இந்தப் பெண்ணை எப்படி வெறுப்பது? சீட்டு பைக்குள் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எண்பத்துநாலு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வீட்டுக்குப் போகும்வரை எல்லோரும் சிரித்துக்கொண்டே போவார்கள். அந்த ஷாஃப்டுகள் போன அன்றைக்கும் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் போனார்கள்.

"உசுரோட இருக்குதுங்க" என்றார். "இது என்ற மேசைங்க, நான் நடத்தறது. யார் கேட்டாலுஞ் சரி, நீங்களே கேட்டாலுஞ் சரி, அது சாகாதுங்க."

ஆட்டம் நடத்துபவர் உருட்டுவது மற்றவர்களுக்குத் தெரியாமலிருக்க மேசையில் ஓர் அட்டை மறைப்பு நிற்கும். பொன்னுரங்கம் அதை எடுத்துத் தரையில் வைத்தார்.

"பதினஞ்சுக்கு மேல விழுந்தா நாகம் செங்கோடியைக் கடிக்குது. எல்லாரும் பாத்துக்குங்க."

இருபது முகப் பகடை மேசையில் ஓடி, தேநீர்க் கோப்பையில் மோதி நின்றது.

பதினெட்டு.

கீழே கடையில் மோட்டார் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கோகிலவாணி செங்கோடியின் பெயரை ஒருமுறை படித்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்தார். கண் நிறைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை.

"டீச்சரையே கொன்னுட்டீங்க. நல்லா இருங்க" என்று ஃபாரூக் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

பொன்னுரங்கம் சீட்டை எடுத்துக் குருவின் முன்னால் வைத்தார். அவர் பிரிக்கவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"நான் எழுதுன எண்ணு சரிதானுங்களா?"

கோகிலவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பாம்பு செத்து, எல்லாருஞ் சிரிச்சுட்டே போயிருந்தா இதைக் கேட்டிருப்பீங்களா?"