செவலைக் கன்றின் கொம்பு

ஒரு பரிசுக்கு மூவர் உரிமை கொண்டாடிய கதைகளைக் கேட்டிருப்பீர்கள். இது, ஒரு குற்றத்துக்கு மூவர் உரிமை கொண்டாடிய கதை.

கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் பிலோமினா என்பவர் இறைச்சிக்காக மாடுகள் வளர்த்துவந்தார். கொம்பிருந்தால் ஒன்றையொன்று குத்திக்கொள்ளும் என்பதால், கன்றுகளுக்குக் கொம்பு முளைக்கும் இடத்தைக் காய்ச்சிய இரும்பால் சுட்டுவிடுவார்கள். சுடுவது பண்ணையாள் மொக்கைச்சாமி. அந்தக் கதறலைக் கேட்ட நாளில் பிலோமினாவுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் பிறவியிலேயே கொம்பில்லாத காளை ஒன்றை வாங்கினார்.

கால்நடை மருத்துவர் ஜபருல்லா அதன் வால்மயிரை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் சொன்னார்: “இதோட கன்றுகள்ல பாதிக்குக் கொம்பு வரும்மா. ஒவ்வொண்ணையும் சோதிச்சு, வர்றதுக்கு மட்டும் சுட்டாப் போதும்.”

கன்றுகள் பிறந்தன. செவலைக் கன்றுக்குக் கொம்பு வராது என்றும் சாம்பல் நிற மயிலைக் கன்றுக்கு வரும் என்றும் முடிவு வந்தது. மொக்கைச்சாமி செவலையின் தலையைத் தடவிப் பார்த்தார். “விரலுக்கு முளை தட்டுப்படுதே டாக்டர்.”

“சோதனை தப்பாதுண்ணே” என்றார் ஜபருல்லா. மொக்கைச்சாமி அதற்குமேல் பேசவில்லை. மயிலையைச் சுட்டார்கள்.

மூன்றாம் மாதம் செவலைக்குக் கொம்பு எட்டிப் பார்த்தது. ஜபருல்லா தன் குறிப்புகளைத் தேடினார். மயிர் போட்ட உறைகளில் இரண்டு கன்றுகளின் எண்களையும் அவர்தான் மாற்றி எழுதியிருந்தார். அன்றே பண்ணைக்கு வந்து ஒப்புக்கொண்டார்.

“மயிலையை வீணா சுட்டுட்டோம். செவலைக்கு மரத்துப்போக ஊசி போட்டு இப்பவே அறுத்துடலாம்மா. கொஞ்சம் ரத்தம் வரும்.”

“அடுத்த மாசம் பார்க்கலாம் டாக்டர்” என்றார் பிலோமினா. அடுத்த மாதமும் அதையே சொன்னார்.

“விடுங்கம்மா, நான் வளர்த்த கன்னு. என்னை ஒண்ணும் செய்யாது” என்று மொக்கைச்சாமியும் ஆறுதல் சொன்னார்.

ஒன்றரை வயதில் ஒருநாள், தீவனத்துக்குத் தலையைத் திருப்பிய செவலையின் கொம்பு மொக்கைச்சாமியின் வலக்கண்ணில் ஏறியது. பார்வை போய்விட்டது.

மருத்துவமனையில் ஜபருல்லா, “என் கை எழுதின தப்பு” என்று அழுதார். “அறுக்க விடாதது நான்” என்றார் பிலோமினா. கட்டுப் போட்ட முகத்தோடு மொக்கைச்சாமி, “முளை இருக்குன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டவன் நான்தானே” என்றார்.

கேட்டவர்களே, இந்த மூவரில் குற்றம் யாருடையது?

விடை: பிலோமினாவுடையது. மருத்துவரின் பிழை பெரிதுதான். ஆனால் அது தெரிந்த அன்றே சொல்லி, தீர்க்கும் வழியோடும் வந்து நின்றார். மொக்கைச்சாமி தட்டுப்பட்டதைச் சொன்னார், முடிவெடுக்கும் இடத்தில் அவர் இல்லை. எல்லாம் தெரிந்த பிறகு, ஒரு சொல்லால் தடுத்திருக்கக்கூடியவர் பிலோமினா ஒருவரே. கன்றின் வலியைக் காணச் சகியாமல்தான் தள்ளிப்போட்டார். அந்த இரக்கத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, மொக்கைச்சாமிக்கும்கூட. பிலோமினாவால் தாங்கமுடியாமல் போனது அதுதான்.